மேடு என்ன விலை?

நகராத சைக்கிளுக்காக, நகர்கிற சைக்கிளைவிட அதிகமாகச் செலவு செய்யப் போகிறோம் என்பதை வீட்டில் எப்படிப் பேச்செடுப்பது? நான் வெயிலிலிருந்து தொடங்கினேன். சென்னையில் ஏப்ரல் பிறந்துவிட்டால் காலை ஏழரைக்கே ஈசிஆரில் தார் இளக ஆரம்பித்துவிடுகிறது என்றேன். மனைவி ஒத்துக்கொண்டாள். ஐப்பசியில் பிடிக்கிற மழை மார்கழி வரை விடாது, எது ரோடு எது பள்ளம் என்று தெரியாது என்றேன். அதற்கும் தலையாட்டினாள். அடுத்தது நாய்.

நாய் விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும். எங்கள் தெரு நாய்களுக்கு சைக்கிள் மேல் எந்த விரோதமும் கிடையாது. பால் பாக்கெட் போடும் பையன் அதிகாலையில் கிணிகிணியென்று போவான். ஒரு காதுகூட நிமிராது. பேப்பர் போடுகிறவர் மூன்று தடவை குறுக்கே போவார். வாலை நகர்த்தி வழிவிடும். ஹெல்மெட் மாட்டி, இறுக்கமான டிரவுசர் போட்டு, முதுகில் மூன்று பை வைத்த சட்டையோடு ஒருவர் வந்தால் மட்டும் மொத்தத் தெருவும் எழுந்து துரத்தும். உழைப்பதற்காகச் சைக்கிள் மிதிப்பவனையும் பொழுதுபோக்குக்காக மிதிப்பவனையும் அவை துல்லியமாகப் பிரித்தறிகின்றன. எனக்கே அந்தத் தெளிவு கிடையாது.

"சரி, அதுக்கு?" என்றாள்.

"வீட்டுக்குள்ளேயே ஓட்டலாம்னு பார்க்கறேன். பால்கனியில. சைக்கிள் நகராது. பின்சக்கரத்தை ஒரு ஸ்டாண்டுல பூட்டிடுவாங்க. நான் மிதிப்பேன். டிவியில ரோடு வரும்."

"எவ்வளவு ஆகும்?"

சொன்னேன்.

"செக்கு மாடு சுத்தினாலும் எண்ணெயாவது வரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உள்ளே குக்கர் சத்தம் வழக்கத்தைவிட அதிகமாகக் கேட்டது.

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது ஏதோ நேற்று முளைத்த வெளிநாட்டுப் பைத்தியம் என்று நினைத்தால் அது சரியில்லை. நம்மில் பாதிப் பேர் சைக்கிளோடு முதலில் உறவாடியதே இப்படித்தான். அப்பாவின் கறுப்பு சைக்கிள் டபுள் ஸ்டாண்டில் நிற்கும். பின்சக்கரம் தரையைத் தொடாது. சீட்டுக்குக் கால் எட்டாததால் கீழே நின்று கையாலேயே பெடலைச் சுற்றுவோம். சக்கரம் விர்ரென்று சுழலும், கம்பிகள் கண்ணுக்கு மறைந்துபோகும், வாயால் பஸ் சத்தம் கொடுத்து மதுரைக்கோ மாயவரத்துக்கோ போய்க்கொண்டிருப்போம். திண்ணையிலிருந்து "டேய், செயின் தேயுதுடா!" என்று ஒரு குரல் வரும் வரை பயணம் நடக்கும். மெய்நிகர் சைக்கிள் பயணம் என்று இன்று மாதச் சந்தா வாங்குகிறார்களே, அதுதான் இது.

அதிலும் ஒரு படி மேலே போனவர் சாணை பிடிக்கிறவர். தெருமுனையில் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். பின்சக்கரத்தின் சுழற்சியை ஒரு பெல்ட் முன்பக்கத்துச் சாணைக்கல்லுக்குக் கொண்டுபோகும். சீட்டில் ஏறி உட்கார்ந்து மிதிப்பார். கத்தியைக் கல்லில் அழுத்தினால் பொறி பறக்கும். கூடவே பெடல் கனக்கும், மிதிக்கிற காலின் நரம்பு புடைக்கும். கத்தியை எடுத்தால் பெடல் லேசாகும். பின்சக்கரத்தைப் பூட்டுகிற ஸ்டாண்டுக்கு டிரெய்னர் என்று பெயர்; இன்று நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று விற்கிற ஸ்மார்ட் டிரெய்னரின் தத்துவம் முழுவதும் இதற்குள் அடக்கம். கத்தி இருந்த இடத்தில் காந்தம் வந்திருக்கிறது. அழுத்துகிற கை இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. அவருக்கு ஒரு கத்திக்கு இவ்வளவு என்று காசு வந்தது. நமக்குப் போகிறது.

அமெரிக்காவில் இதை மேடையேற்றியே பார்த்துவிட்டார்கள். 1899-இல் சார்லஸ் மர்ஃபி என்ற அமெரிக்கர் ஓடும் ரயிலின் பின்னால் சைக்கிள் ஓட்டி, ஒரு மைலை 57.8 நொடியில் கடந்தார். அதே ஆண்டு உலக சாம்பியன் ஆனவர் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர். பிறகு இந்த இருவரும் நாடகக் கொட்டகைகளில், நகராத சைக்கிளில் அமர்ந்து பந்தயம் ஓட்டினார்கள். யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்பதை மேடையில் பெரிய முள் வட்டம் காட்டும். சனங்கள் டிக்கெட் வாங்கி அந்த முள்ளைப் பார்த்துக் கைதட்டினார்கள். 1912-இல் டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சி அறையிலும் இதே மாதிரி சைக்கிள்களும், முன்னால் சுவரில் ஒரு முள் வட்டமும் இருந்தன. கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்க, அதன் மேல் ஒருவர் உட்கார்ந்து எங்கும் போகாமல் கால் மைலைக் கடந்துகொண்டிருந்தார். எங்கள் பால்கனியைக் குறை சொல்கிறார்கள்.

இதையெல்லாம் அடுக்களை வாசலில் நின்று சொல்லி முடித்தபோது, "அந்த முள்ளு வட்டம் மட்டும் வாங்குங்களேன், விலை கம்மியா இருக்கும்" என்ற பதில் வந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

வாங்கத் தெரிய வேண்டுமே? எங்கள் சைக்கிள் குழுவில் ஒரு தம்பி இருக்கிறான். மென்பொருள் கம்பெனியில் வேலை. ஐந்நூறு ரூபாய்க்குச் செருப்பு வாங்குவதாக இருந்தாலும் எக்செல் ஷீட் போட்டுத்தான் வாங்குவான். அவனிடம் கேட்டேன்.

"அண்ணே, டபுள் ஸ்டாண்டு போட்டு மிதிச்சா என்ன கிடைக்காது?" என்று எதிர்க்கேள்வி போட்டான்.

"காத்து?"

"கனம்ணே. ரோட்டுல காத்து தள்ளும், மேடு இழுக்கும், உங்க எடையும் சேர்ந்து அழுத்தும். ஸ்டாண்டுல சக்கரம் சும்மா சுத்தும். நீங்க வாங்கப் போறது கனம். எந்தக் கனத்தை எவ்வளவு சரியா குடுக்குதுங்கறதுதான் விலை."

இந்த ஒரு வாக்கியத்துக்கே அவனுக்குக் காபி வாங்கிக் கொடுக்கலாம், கொடுத்தேன். வாழ்க்கையில் மற்ற எந்தப் பொருளையும் கஷ்டம் குறைவதற்காகத்தான் காசு கொடுத்து வாங்குகிறோம். மிக்ஸி, வாஷிங் மெஷின், லிஃப்ட், கியர் வைத்த சைக்கிள் எல்லாமே அந்த வகை. இந்த ஒரு கடையில்தான் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கஷ்டம், ஐம்பதாயிரத்துக்கு நல்ல கஷ்டம், லட்சத்துக்கு அசல் ஆல்ப்ஸ் மலைக் கஷ்டம் என்று அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

கீழ்த்தட்டில் ரோலர்கள். மூன்று உருளைகள் வைத்த ஒரு சட்டம். சைக்கிளை அதன் மேல் நிறுத்தி அப்படியே ஓட்ட வேண்டும். எந்தப் பூட்டும் கிடையாது. சமநிலை தவறினால் பக்கத்தில் இருக்கிற பொருள் மேல் விழுவோம். எங்கள் வீட்டில் பக்கத்தில் இருப்பது கிரைண்டர். ரோலரை அத்துடன் விட்டுவிட்டேன்.

அடுத்தது வீல்-ஆன். இரும்பு முக்கோணச் சட்டம் பின் அச்சை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். ஓர் உருளை டயரை அழுத்தி நிற்கும். இதற்கு விளக்கமே வேண்டாம். இருட்டியதும் டைனமோவைத் தட்டி டயரில் சாய்த்தவுடன் சைக்கிள் திடீரென்று கனக்குமே, அதே வேலை. உருளையின் மறுமுனையில் ஓர் உலோகத் தட்டு காந்தங்களுக்கு நடுவே சுழலும். அதில் உண்டாகிற சுழல் மின்னோட்டம் தட்டைப் பிடித்து இழுக்கும். சில ரகங்களில் காந்தத்துக்குப் பதில் சிலிகோன் திரவம். வேகம் கூடக்கூடத் திரவம் முரண்டுபிடிப்பது கிட்டத்தட்ட ரோட்டுக் காற்று மாதிரியே இருக்கும், சத்தமும் குறைவு. காந்த ரகத்தில் ஹேண்டில்பாரில் ஒரு குமிழ் கொடுப்பார்கள்; ஒன்று, இரண்டு, மூன்று என்று நாமே நமக்குக் கஷ்டத்தைக் கூட்டிக்கொள்ளலாம். நான் ஓட்டிப் பார்த்ததில் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகவே நல்ல மனத்திடம் வேண்டும். மூன்றுக்கு மேல் யாரும் தானாக விரும்பிப் போவதில்லை.

மேல்தட்டில் டைரக்ட் டிரைவ். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு, செயினை டிரெய்னரின் பல்சக்கரத்தில் மாட்ட வேண்டும். டயர் தேயாது, வழுக்காது, சத்தமும் குறைவு. பதினைந்து முதல் இருபது கிலோ எடை. 2012-இல் வாஹூ என்ற அமெரிக்க நிறுவனம் கிக்கர் என்ற மாடலைக் கொண்டுவந்த பிறகு இந்த ரகம் வேகமாகப் பரவியது. நல்ல மாடல் என்றால் ஆயிரம் டாலருக்கு மேல் என்றிருந்தது. 2022-இல் ஸ்விஃப்ட் தன் பெயரிலேயே ஒரு டிரெய்னரை 499 டாலருக்கு இறக்கியதும் மற்றவர்களும் விலையைக் குறைக்க வேண்டிவந்தது. நம் ஊருக்கு வரும்போது சுங்கவரி, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து குறைந்ததை மறுபடி ஏற்றிவிடும்.

ஸ்விஃப்ட் என்றால் மாருதி அல்ல. கம்ப்யூட்டருக்குள் ஓர் உலகம். அதில் நம் சார்பில் ஒரு பொம்மை சைக்கிள் ஓட்டும். நாம் எவ்வளவு வாட் மிதிக்கிறோமோ அந்த அளவுக்கு அது போகும். வாட்டோப்பியா என்று ஒரு தீவு; பசிபிக்கில் சாலமன் தீவுகளின் பக்கம் அதை வைத்திருக்கிறார்கள். எரிமலைக்குள் ரோடு, கடலுக்கடியில் கண்ணாடிச் சுரங்கம், ஓரத்தில் டைனோசர். டைனோசர்கள் துரத்துவதில்லை, எங்கள் தெருவைவிட அது எவ்வளவோ மேல். பனியனும் பழைய டிராக் பேன்ட்டுமாக நான் பால்கனியில் மிதிக்க, திரையில் என் பொம்மை மடிப்புக் கலையாத ஜெர்சியில் ஒரு நார்வேக்காரருக்குப் பின்னால் போகும். அவருக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்று மறைப்புக்குக்கூடக் கணக்கு உண்டு, குறைந்த வாட்டிலேயே அவர் வேகத்துக்குப் போகலாம். அமெரிக்க விலையில் மாதம் 14.99 டாலராக இருந்த சந்தாவை 2024-இல் 19.99 ஆக்கினார்கள். வளைகுடாவிலிருந்து வரும் மைவூஷ் என்ற செயலி இலவசம். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்மார்ட் டிரெய்னர் என்றால் இந்தச் செயலியோடு பேசும். திரையில் மேடு வந்தால் பெடல் கனக்கும், இறக்கம் வந்தால் இளகும். சாதா டிரெய்னருக்குப் பேச்சு வராது. அதற்கும் ஒரு குறுக்குவழி உண்டு. பின்சக்கரத்தில் ஒரு ஸ்பீடு சென்சார் மாட்டினால், 'இந்த டிரெய்னரில் இந்த வேகம் என்றால் இவ்வளவு வாட்' என்று செயலி ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளும். செலவு மிகக் குறைவு. இங்கேதான் எனக்கு இந்த வியாபாரத்தின் ரகசியம் புரிந்தது.

குழுவில் ஒருவர் வீட்டில் இந்தக் குறுக்குவழி ஏற்பாடு. ஏறி மிதித்தேன். திரையில் 260 வாட். என் வயசுக்கு, என் தொப்பைக்கு, நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு தம்பியின் வீட்டில் அவனுடைய டைரக்ட் டிரைவில் அதே மூச்சு, அதே வியர்வை. 150 வாட்.

"இது ரிப்பேரா?" என்றேன்.

"இதுதாண்ணே சரி. அங்க உருளையை டயர்ல சரியா அழுத்தியிருக்க மாட்டாங்க. ஸ்குரூவை அரைச் சுத்து தளர்த்தினா சக்கரம் லேசா சுத்தும், வேகம் கூடும், வாட்டும் கூடும். டயர்ல காத்து கூடினாலும் குறைஞ்சாலும் நம்பர் மாறும். டைரக்ட் டிரைவ்ல ஒண்ணு ரெண்டு சதவீதத்துக்கு மேல தப்பு வராது."

ஆக, ஐயாயிரம் பத்தாயிரத்துக்கு வாங்கினால் நாம் பெரிய வீரர். அரை லட்சத்துக்கு மேல் கொடுத்தால் அசல் நாம். உலகத்தின் முன்னணி வீரர்கள் நீண்ட மலையேற்றத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 6 வாட்டுக்கு மேலும் மிதிக்கிறார்கள். நான் 2-ஐ அப்படி இப்படித் தொடுகிறவன். இந்தச் செய்தியைத் தெரிந்துகொள்ள நாற்பதாயிரம் கூடுதலாகக் கொடுப்பானேன் என்று பல நாள் யோசித்தேன்.

செயலிக்கு நம் எடையையும் நாமேதான் சொல்ல வேண்டும். மேடு ஏறும்போது எடை குறைந்தவனுக்கு அதே வாட்டில் அதிக வேகம். கட்டத்தில் 78-ஐ அழித்து 70 என்று போட்டால் எட்டு கிலோ இளைத்தாயிற்று. ஒரு வேளைப் பட்டினிகூட இல்லை. இதைச் செய்கிறவர்கள் ஏராளம் என்று தம்பி அடித்துச் சொல்கிறான். 2019-இல் பிரிட்டனில் நடந்த தேசிய மெய்நிகர் சைக்கிள் பந்தயத்தில் வென்றவரின் பட்டத்தையே பறித்தார்கள். ஸ்விஃப்ட் உலகத்தில் ஒரு விசேஷ சைக்கிள் உண்டு. மொத்தம் 50,000 மீட்டர் உயரம் ஏறினால்தான் கைக்கு வரும். அவர் தனக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர் நிரலை மிதிக்கவிட்டு அதை வாங்கியிருந்தார். ஆறு மாதத் தடை, 250 பவுண்டு அபராதம். நகராத சைக்கிளிலும் உட்காராமல் ஊர்போன அந்த மனிதரை எண்ணி நான் அடிக்கடி வியப்பதுண்டு. நேர்மையாகவும் நடக்கிறது: 2020 டிசம்பரில் நடந்த முதல் உலகப் போட்டியில் ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன் அடிப்படையில் படகு வீரர். அடுத்த ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் துடுப்புப் போட்டு வெள்ளி வாங்கினார். உட்கார்ந்த இடத்தில் உழைக்கப் பழகியவருக்கு இது ஒரு பொருட்டில்லை போலும்.

எனக்குக் கடைசியில் முடிவெடுக்க உதவியது மேடு. சென்னையில் மேடு என்றால் மேம்பாலம், அதைவிட்டால் பரங்கிமலை. அதனால்தான் மேட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. டிரெய்னர்களின் பெட்டியில் 'அதிகபட்ச ஏற்றம்' என்று ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். மலிவான ஸ்மார்ட் ரகங்கள் 6, 7 சதவீதத்தோடு நின்றுவிடும். விலை கூடினால் 16. இன்னும் கூடினால் 20-க்கும் மேல். பிரான்ஸின் ஆல்ப் டியூஸ் மலையை நகலெடுத்து, 21 வளைவுகளோடு, 12 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறுகிற மாதிரி ஸ்விஃப்ட்டில் வைத்திருக்கிறார்கள். சராசரி 8.5 சதவீதம். "நம்ம கொல்லிமலைக்கு 70 வளைவு" என்றேன் பெருமையாக. "அங்க போயிருக்கீங்களாண்ணே?" என்றான். போயிருக்கிறேன், பஸ்ஸில்.

6 சதவீத டிரெய்னரில் அந்த மலை ஏறினால் என்ன ஆகும்? திரையில் 11 சதவீதம் என்று வந்தாலும் காலுக்கு 6-தான் தெரியும். பொம்மை மட்டும் அங்கே மெதுவாக நகரும். 20 சதவீத டிரெய்னர் வாங்கினால் முழுக் கனமும் கிடைக்கும் என்று நினைத்து விலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தம்பி அந்த உண்மையை வெளியிட்டான்: ஸ்விஃப்ட்டில் 'டிரெய்னர் டிஃபிகல்ட்டி' என்று ஒரு இழுவைப் பொத்தான் உண்டு, அது தொடக்கத்திலேயே பாதியில்தான் நிற்கும். 10 சதவீத மேட்டில் 5 சதவீதக் கனம்தான் காலுக்கு வரும். மலை ஏற வேண்டிய மொத்த உழைப்பு குறையாது. கியர் மாற்றுகிற பாடுதான் மிச்சம். லட்சம் கொடுத்து மலையை வாங்குகிறவர்களில் நிறையப் பேர் அந்தப் பொத்தானைக் கடைசிவரை தொடுவதே இல்லையாம்.

எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. பாதி மேடுதான் எல்லோரும் ஏறுகிறார்கள் என்றால் பாதி மேடு விற்கிற டிரெய்னரே போதும். ஸ்மார்ட் வீல்-ஆன், அதுவும் பழையது என்று முடிவு செய்தேன். பந்தயம் ஓட்டப் போகிறவர், வாட்டை வைத்து ஒழுங்காகப் பயிற்சி எடுக்கப் போகிறவர் டைரக்ட் டிரைவ் வாங்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. மழைக்கும் நாய்க்கும் பயந்து உள்ளே வந்தவனுக்கு ஐந்து சதவீதத் தப்பு பரவாயில்லை. அதிலும் டைரக்ட் டிரைவுக்கு நம் சைக்கிளின் கியருக்குப் பொருந்துகிற பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட், தனியாக வாங்க வேண்டியிருக்கும், அதைப் பூட்டத் தனிச் சாவி வேண்டும், இருபது கிலோவை மூன்றாம் மாடிக்குத் தூக்க வேண்டும். தூக்குவது யார் என்பது வீட்டில் இன்னொரு விவாதம்.

பழைய டிரெய்னர் கிடைப்பது சுலபம். ஊரடங்குக் காலத்தில் ஆர்வத்தோடு வாங்கியவர்கள் அத்தனை பேர் வீட்டிலும் ஒன்று நிற்கிறது. அண்ணா நகரில் ஒரு வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததே வீட்டம்மாதான், "டிரெய்னருக்குத்தானே வந்திருக்கீங்க? வாங்க, வாங்க" என்று கல்யாண வீட்டு வரவேற்பு. பின்பக்க அறையில் டிரெய்னர் சைக்கிளோடு நின்றது. சீட்டுக்கடியிலிருந்து ஜன்னல் கம்பிக்கு ஒரு நைலான் கயிறு. அதில் குழந்தையின் சட்டைகள் வரிசையாகக் காய்ந்தன. ஹேண்டில்பாரின் ஒரு கொம்பில் கிளிப்புகள் போட்ட துணிப்பை, மறுகொம்பில் குடை. உருளையைத் தடவிப் பார்த்தேன். டயர் தேய்ந்த கறுப்புப் பொடி ஒரு துளிகூட இல்லை.

"ரொம்ப யூஸ் பண்ணல சார்" என்றார் அவர், வெட்கமும் விற்பனை நயமும் சரிபாதி கலந்து.

"பண்ணவே இல்ல" என்று அடுக்களையிலிருந்து திருத்தம் வந்தது.

தம்பி எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்தேன். கையால் உருளையைச் சுற்றினால் கரகரப்பு இருக்கக் கூடாது: இல்லை. பின் அச்சைக் கவ்வுகிற இரும்பு ஸ்கூவர் இருக்க வேண்டும்: இருந்தது. போனோடு இணைகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குக் கரண்ட் அடாப்டர் வேண்டும். அடாப்டர் எங்கே? கட்டிலுக்கடியில் தேடினார், பரணில் தேடினார். கடைசியில் நெற்றியைத் தட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார். அடுத்த நொடி வீட்டின் மூன்று அறைகளிலிருந்தும் மூன்று குரல்கள், "நெட் போச்சு!" என்று கிளம்பின. வைஃபை பெட்டியின் அடாப்டர் கெட்டுப்போன ஒரு நாள், இதை எடுத்து அதில் சொருகியிருக்கிறார். அது பாட்டுக்கு வருஷக்கணக்காக ஓடியிருக்கிறது. புது அடாப்டர் வரும்வரை டிரெய்னரை விற்பதா வேண்டாமா என்று குடும்பத்துக்குள் ஒரு சிறு பொதுக்குழு நடந்தது. விற்றுவிடலாம் என்று வீட்டம்மா தீர்ப்புச் சொன்னார். புதிய விலையில் பாதிக்கும் கீழே முடிந்தது. நைலான் கயிற்றையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

டிரெய்னர் வந்துவிட்டால் செலவு முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் ஹைப்ரிட் சைக்கிளின் பள்ளம் மேடான டயர் உருளையில் உருண்டால் மாவு மில் சத்தம். வழவழப்பான டயர் வேண்டும். எங்கள் ஏரியா சைக்கிள் கடைக்காரர் பழைய டயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுவே இன்னும் ரெண்டு வருஷம் ஓடும் சார். ரோட்டுல ஓட்டாத சைக்கிளுக்கு எதுக்குப் புது டயர்?" என்றார். விளக்கப் போனால் நேரமாகும். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். பின்சக்கரம் டிரெய்னரில் உயர்ந்துவிடுவதால் முன்சக்கரத்துக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் கட்டை விற்கிறார்கள். வீட்டில் சேர்ந்துகிடந்த தீபாவளி மலர்களில் நான்கு, அட்டையோடு சேர்த்து, அச்சாக அந்த உயரம். இலக்கியம் எதற்குப் பயன்படும் என்று கேட்கிறவர்கள் வந்து பார்க்கலாம்.

மின்விசிறி விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. மனித உடம்பு அப்படியொன்றும் திறமையான எஞ்சின் கிடையாது. தின்ற சக்தியில் கால் பங்குக்கும் குறைவுதான் பெடலுக்குப் போகும், மிச்சமெல்லாம் சூடு. நான் 150 வாட் மிதித்தால் என் உடம்பிலிருந்து ஏறக்குறைய 500 வாட் சூடு கிளம்புகிறது. டிரெய்னருக்குப் போன 150 வாட்டும் எங்கும் போய்விடுவதில்லை. அதுவும் சூடாகி அதே பால்கனியில்தான் நிற்கும். ரோட்டில் என்றால் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வந்து இதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடும். வீட்டில் காற்று வந்தால் உண்டு. கல்யாண மண்டபங்களில் வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் இல்லாமல் சென்னையில் இந்த வேலையில் இறங்குவது தற்கொலை. வியர்வை சொட்டி ஹேண்டில்பார் ஸ்குரூக்களை அரித்துவிடும் என்பதால் மேலே ஒரு ஈரிழைத் துண்டு. முதல் நாள் அந்தத் துண்டைப் பிழிந்து காட்டியபோதுதான் வீட்டில் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது. "எண்ணெய் வரலைன்னாலும் தண்ணி வருது" என்றாள்.

எர்க் மோடு என்று ஒன்று உண்டு. 140 வாட் என்று சொல்லிவிட்டால் டிரெய்னர் அதிலேயே பிடிவாதமாக நிற்கும். நாம் களைத்து மெதுவாக மிதித்தால், வாட் குறையக் கூடாதே என்று கனத்தை ஏற்றும். கனம் ஏறினால் இன்னும் மெதுவாவோம். அது இன்னும் ஏற்றும். கடைசியில் பெடல் ஓரிடத்தில் அப்படியே நின்றுபோகும், நாமும் அதன் மேல் ஒற்றைக்காலில் நிற்போம். இதற்கு மரணச் சுழல் என்றே பெயர். கரண்ட் போனால் தப்பித்தோம். பெரும்பாலான டிரெய்னர்களில் மின்சாரம் போன கணமே கனமும் போய்விடும். ஆல்ப்ஸ் மலை சட்டென்று அடையாறு ஆகிவிடும். எங்கள் பகுதியில் பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வருகிற நாட்களை இப்போது வேறு மனநிலையில் படிக்கிறேன்.

எங்களுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பெரியவர், மரியாதையானவர், எதையும் நேரடியாகக் கேட்க மாட்டார். தடிமனான ரப்பர் பாய் போட்டிருந்தும் ஒரு நாள் காலை ஆறு மணிக்குக் காலிங்பெல் அடித்தது.

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க. வீட்டுல ஏதாவது விசேஷமா? தினமும் விடியக்காலையில மாவு அரைக்கிற சத்தம் கேக்குது..."

உள்ளே கூப்பிட்டுப் பால்கனியைக் காட்டினேன். டிரெய்னரைச் சுற்றி ஒரு வலம் வந்தார். தீபாவளி மலர்களைக் குனிந்து பார்த்து, எந்த வருஷம் என்று படித்தார். காபி வந்தது. திரையில் என் பொம்மை ஓரமாக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார். தட்டையான ரோட்டில் நன்றாகத்தான் போனார். முதல் மேடு வந்து பெடல் கனத்ததும் முகம் மாறியது. இறங்கி, துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு சார். டாக்டர் எனக்கும் சைக்கிள் சொல்லியிருக்கார். ஆனா இந்த மேடெல்லாம் இல்லாம, பெடல் சும்மா லேசா சுத்தற மாதிரி ஏதாவது கிடைக்குமா?"

"கிடைக்கும் சார். விலையும் ரொம்பக் கம்மி" என்றேன்.